பன்றிகளைத் தாக்கும் ரத்தக் கழிச்சல்: மருந்து இருந்தும் ஏன் அடங்கவில்லை? பக்கத்துப் பண்ணைக்கு ஒரு போன் கால் ஏன் முக்கியம்?

ஒரு திங்கட்கிழமை காலை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் நீங்கள் ஒரு பன்றிப் பண்ணை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40, 50 கிலோ எடைக்கு வளர்ந்த பன்றிகள் இருக்கும் கொட்டகைக்குள் போகிறீர்கள். தரையில் சாம்பல் நிறத்தில் கழிச்சல். குனிந்து பார்த்தால் சளி, சளிக்குள் ரத்தத் திட்டு. நேற்று வரை தீவனத் தொட்டிக்கு முட்டி மோதிக்கொண்டு வந்த நாலைந்து பன்றிகள் இன்று வயிறு ஒட்டிப்போய் ஓரமாக நிற்கின்றன.

என்ன நோய் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. இப்போது உங்கள் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, கால்நடை மருத்துவரை வரவழைத்து, மருந்து கொடுத்து, வெளியே மூச்சு விடாமல் இருந்துவிடலாம். சட்டப்படி அதில் தப்பு இல்லை. அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இது கிடையாது. இன்னொன்று, அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்கும் லாரிக்காரர்களுக்கும் "எங்க பண்ணைக்கு இந்த நோய் வந்திருக்கு" என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சொன்னால் உங்கள் பன்றிக்குட்டிகளை வாங்க ஆள் யோசிப்பார். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் பக்கத்துப் பண்ணையிலும் இதே காட்சி.

நீங்கள் என்ன செய்வீர்கள்?

பிரிட்டனின் பன்றி வளர்ப்பாளர்கள் உண்மையிலேயே எதிர்கொள்ளும் கேள்வி இது. இதில் பணம் மட்டுமல்ல, ஆன்டிபயாட்டிக் மருந்துகளின் ஆயுளும் அடங்கியிருக்கிறது. பன்றி வளர்ப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்களும் படிக்க வேண்டிய விஷயம் என்பது அதனால்தான்.

இது என்ன நோய்?

ஆங்கிலத்தில் 'ஸ்வைன் டிசென்ட்ரி'. தமிழில் பன்றிகளின் சீதபேதி அல்லது ரத்தக் கழிச்சல் எனலாம். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1921-ல் இந்த நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆனால் எந்தக் கிருமியால் வருகிறது என்று உறுதியாக 50 ஆண்டுகள் ஆயின. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள்தான் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஏன் அவ்வளவு தாமதம்? காரணமான பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஒத்துக்கொள்ளாது. சாதாரண முறையில் ஆய்வகத் தட்டில் வைத்தால் வளராது. அதன் இன்றைய பெயர் பிராக்கிஸ்பைரா ஹையோடிசென்டிரியே. உருவம் கார்க் திருகி மாதிரி, சுருள் சுருளாக இருக்கும். பன்றியின் பெருங்குடலில் படிந்திருக்கும் வழவழப்பான சளிப்படலத்தைத் திருகித் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் குடியேறுகிறது.

பெருங்குடலின் முக்கிய வேலைகளில் ஒன்று தண்ணீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சி உடம்புக்குள் அனுப்புவது. இந்தக் கிருமி தாக்கினால் அந்த வேலை நின்றுபோகிறது. உறிஞ்சப்படாத நீர் அப்படியே வெளியேறுகிறது. குடலின் மேற்பரப்பு சேதமாவதால் கூடவே ரத்தமும் சளியும் வருகின்றன. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஒரு மந்தையில் 90 சதவீதம் வரை பன்றிகள் பாதிக்கப்படலாம். 30 சதவீதம் வரை சாகலாம்.

பெரும்பாலான பண்ணைகளில் நிலைமை அந்த அளவுக்குப் போகாது, மருந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் சாகாத பன்றியும் நஷ்டம்தான். பன்றி வளர்ப்பில் பெரிய செலவே தீவனம். அதே அளவு தீவனம் சாப்பிட்டும் எடை ஏறாத பன்றி, விற்பனைக்குத் தயாராகக் கூடுதல் வாரங்கள் எடுக்கும். லாபம் அங்கேதான் கரைகிறது.

மனிதர்களுக்கு வருமா? கறி சாப்பிடலாமா?

முதலில் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தக் கிருமி மனிதர்களுக்கு நோய் உண்டாக்குவதாகக் கருதப்படுவதில்லை. மனிதர்களுக்கு வரும் சீதபேதிக்குக் காரணம் ஷிகெல்லா, அமீபா போன்ற வேறு கிருமிகள். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். நன்றாக வேகவைத்த பன்றிக்கறியால் இந்த நோய் உங்களுக்கு வராது.

மருந்து கொடுக்கப்பட்ட விலங்கை உடனே இறைச்சிக்கு அனுப்பக்கூடாது என்ற விதியும் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. மருந்தின் எச்சம் உடம்பிலிருந்து வெளியேறுவதற்கான அவகாசம் அது.

அப்படியென்றால் கவலைப்பட என்ன இருக்கிறது? கவலை கிருமியைப் பற்றியதை விட, அதை அடக்க நாம் என்ன பயன்படுத்துகிறோம் என்பதைப் பற்றியது. அதற்கு வருவோம்.

எப்படிப் பரவுகிறது?

நோயுள்ள பன்றியின் கழிவு, இன்னொரு பன்றியின் வாய்க்குள் போக வேண்டும். அவ்வளவுதான் வழி. காற்றில் பறந்து பக்கத்து ஊருக்குப் போகும் வைரஸ் இல்லை இது. யாராவது, ஏதாவது அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும்.

சுமப்பதற்கு ஆள் பஞ்சமே இல்லை. முதல் ஆள், பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் பன்றி. நோய் தீர்ந்த பிறகும் 2 மாதங்களுக்கு மேல் அதன் கழிவில் கிருமி வந்துகொண்டிருக்கலாம். நல்ல பன்றி என்று நம்பி வாங்கி வந்து கொட்டகையில் விட்டால், நோயையும் சேர்த்து வாங்கியதாகிவிடும்.

இரண்டாவது, சுண்டெலி. ஒருமுறை தொற்றிக்கொண்டால் 180 நாட்கள் வரை, அதாவது ஆறு மாதம், சுண்டெலியின் குடலில் இந்தக் கிருமி தங்கியிருக்கும். பண்ணையைக் காலி செய்து கழுவிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, சுவர் ஓட்டையில் ஒரு எலி மிச்சமிருந்தால் போதும். புதிதாக வந்த பன்றிகளுக்குப் பழைய நோய் திரும்ப வரும்.

மூன்றாவது, மனிதர்கள். கம்பூட்ஸ் அடியில் ஒட்டிய கழிவு, பன்றி ஏற்றும் லாரியின் தளம், கடன் வாங்கிய மண்வெட்டி. குளிர் நாடுகளில் பிரச்சினை இன்னும் கூடுதல். 10 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், பன்றிக் கழிவுக்குள் இந்தக் கிருமி 112 நாட்கள் வரை உயிரோடு இருந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. வெறும் மண்ணில் அது 10 நாட்கள்தான் தாங்கியது. அதாவது இந்தக் கிருமிக்குப் பாதுகாப்பான வீடு ஈரமான கழிவுதான். நன்றாகக் கழுவிக் காயவைத்தால் அதிக நாள் தாக்குப்பிடிக்காது.

பிரிட்டனில் தாய்ப்பன்றிகளில் சுமார் 40 சதவீதம் திறந்தவெளியில் வளர்க்கப்படுகின்றன. விலங்கு நலன் கோணத்தில் நல்ல விஷயம். ஆனால் சேறு, காட்டுப் பறவை, எலி எல்லாம் கலந்த வயல்வெளியை சிமென்ட் தரை மாதிரி கழுவிக் காயவைக்க முடியாது.

மருந்துதான் இருக்கிறதே, அப்புறம் என்ன?

இங்கேதான் சிக்கல். பல பண்ணைகளில் மருந்து நோயை அடக்கிவைத்ததே தவிர, ஒழிக்கவில்லை.

கொட்டகையில் நூற்றுக்கணக்கான பன்றிகள். ஒவ்வொன்றுக்கும் ஊசி போடுவது நடக்காத காரியம். தீவனத்திலோ குடிநீரிலோ மருந்தைக் கலந்துவிடுவார்கள். கழிச்சல் நிற்கும். மருந்தை நிறுத்தினால், தரையிலும் எலியிலும் மிச்சமிருக்கும் கிருமி மறுபடியும் தொற்றும். மறுபடியும் மருந்து. இப்படியே வருடக்கணக்கில் ஓட்டிய பண்ணைகள் உண்டு. பரவலாகப் பயன்படுத்தக்கூடிய நல்ல தடுப்பூசி ஒன்று இன்றுவரை வராததும் இதற்கு ஒரு காரணம்.

இதற்கிடையே கையில் இருந்த மருந்துகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. டைமெட்ரிடசோல், கார்படாக்ஸ், ஒலாக்விண்டாக்ஸ் ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்தவை. புற்றுநோய் அபாயம் போன்ற பாதுகாப்புக் கவலைகளால் 1990-களில் ஐரோப்பிய ஒன்றியம் இவற்றைப் பன்றி வளர்ப்பிலிருந்து விலக்கியது. கார்படாக்ஸை அமெரிக்கா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 நவம்பரில் அதன் அனுமதியைத் திரும்பப் பெறும் நடவடிக்கையை முன்வைத்தது.

இன்னும் சில மருந்துகளைக் கிருமியே தோற்கடித்தது. உதாரணம், டைலோசின். இந்தக் கிருமியின் மரபுப் பொருளில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், டைலோசின் அதை ஒன்றும் செய்ய முடியாது. நீண்ட காலம் தீவனத்தில் கலந்து கொடுத்ததன் விளைவாக, அந்த ஓர் எழுத்து மாறிய கிருமிகளே பல நாடுகளில் பெரும்பான்மையாகிவிட்டன.

கடைசியில் ஐரோப்பிய மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருப்பது டியாமுலின், வால்நெமுலின் என்ற இரண்டு மருந்துகளை. இரண்டும் ஒரே குடும்பம். ஒரு காளானிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட 'ப்ளூரோமியூட்டிலின்' என்ற பொருளிலிருந்து உருவானவை. இப்போது இவற்றுக்கும் அடங்காத கிருமிகள் பல ஐரோப்பிய நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன.

சுவீடன் இதில் கவனிக்க வேண்டிய நாடு. வளர்ச்சியைக் கூட்டுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 1986-லேயே தடை செய்த நாடு அது. உலகிலேயே முதலில் செய்ததும் அவர்கள்தான். அப்படிப்பட்ட சுவீடனிலேயே 2016-ல் டியாமுலினுக்கு அடங்காத கிருமி கண்டறியப்பட்டது. மருந்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் நாட்டுக்கும் பிரச்சினை வரலாம் என்பதை அது காட்டியது. அதன் பிறகு அங்கே இந்த நோயைக் கட்டுப்படுத்தவே தனித் திட்டம் கொண்டு வந்தார்கள்.

இந்த மருந்துக் குடும்பத்துக்கும் மனிதர்களுக்கும் சம்பந்தம் உண்டா? நீண்ட காலம் இது விலங்குகளுக்கான மருந்தாகவே பார்க்கப்பட்டது. ஆனால் 2019 ஆகஸ்டில், இதே குடும்பத்தைச் சேர்ந்த லெஃபாமுலின் என்ற மருந்துக்கு, மனிதர்களுக்கு வரும் நிமோனியாவுக்காக அமெரிக்கா அனுமதி கொடுத்தது. தீவனத்தில் கலக்கும் மருந்து இந்த ஒரு கிருமியை மட்டும் தேடிப்போய்த் தாக்குவதில்லை. பன்றியின் உடம்பில் இருக்கும் மற்ற பாக்டீரியாக்களும் அதே மருந்தைச் சந்திக்கின்றன, அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கின்றன. அவற்றில் சில மனிதர்களையும் தொற்றக்கூடியவை.

பிரிட்டன் என்ன செய்தது?

இரண்டு வேலைகள் நடந்தன. முதலாவது, மருந்தைக் குறைத்தது. பிரிட்டன் பன்றிப் பண்ணைகளின் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு, விலங்கின் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் அளக்கப்படுகிறது. 2015-ல் இது 278. 2022-ல் 72. ஏழு ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. பண்ணையாளர்களே தங்கள் பயன்பாட்டை ஒரு பொதுக் கணக்கில் பதிவு செய்ய ஆரம்பித்ததும் இதற்கு முக்கியக் காரணம்.

ஆனால் 2023-ல் அந்த எண் 85-ஆக ஏறியது. அப்போது பேசப்பட்ட காரணங்களில் ஒன்று இந்த ரத்தக் கழிச்சல். இன்னொன்று, பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் வராமல் இருக்கக் கொடுக்கப்பட்டுவந்த துத்தநாக ஆக்சைடு கைவிடப்பட்டது. ஒரே ஒரு குடல் நோய் தலைதூக்கினாலும், பல ஆண்டு உழைப்பின் பலன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இரண்டாவது வேலைதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த கேள்விக்கான பதில். பிரிட்டனின் வேளாண்மை மற்றும் தோட்டக்கலை மேம்பாட்டு வாரியம், 'குறிப்பிடத்தக்க நோய்கள் சாசனம்' என்ற ஏற்பாட்டை நடத்துகிறது. இதில் சேரும் பண்ணையாளர், தன் பண்ணையில் ரத்தக் கழிச்சல் உறுதியானால் அதை வாரியத்துக்குச் சொல்ல ஒப்புக்கொள்கிறார். வாரியம் அந்தத் தகவலை மற்ற உறுப்பினர்களுக்கு அனுப்புகிறது. சட்டக் கட்டாயம் இல்லை, எல்லாம் பரஸ்பர ஒப்பந்தம்.

தகவல் கிடைத்தவர் என்ன செய்வார்? அந்தப் பக்கம் போய்வந்த லாரியைத் தன் பண்ணைக்குள் விடுவதற்கு முன் நன்றாகக் கழுவச் சொல்வார். அங்கே வேலை செய்துவிட்டு வரும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் வேறு பூட்ஸ் கொடுப்பார். புதிதாக வாங்கும் பன்றிகளைத் தனிக் கொட்டகையில் வைத்துப் பரிசோதித்த பிறகே மற்றவற்றோடு சேர்ப்பார். இது எதுவும் பெரிய டெக்னாலஜி இல்லை. ஆனால் தகவல் வராவிட்டால், எந்த லாரியைக் கழுவ வேண்டும் என்பதே தெரியாது.

மறைப்பவரைக் குறை சொல்லலாமா?

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சூழல் பழகியதாகத் தோன்றும். கம்பெனியின் சர்வருக்குள் யாரோ நுழைந்து தகவலைத் திருடிவிட்டார்கள். சொன்னால் கிளையன்ட் போய்விடுவார். சொல்லாவிட்டால் அதே ஓட்டை வழியாக இன்னும் பத்து கம்பெனி மாட்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மறைப்பது லாபம், எல்லோரும் மறைத்தால் எல்லோருக்கும் நஷ்டம்.

பண்ணையிலும் இதே கணக்குதான். நோய் இருப்பதாகப் பெயர் எடுத்த பண்ணையிலிருந்து இனப்பெருக்கத்துக்குப் பன்றி வாங்க யாருக்கும் மனம் வராது. வங்கிக் கடன் இருக்கும், தீவனக் கடைக்குப் பாக்கி இருக்கும். இந்த நிலையில் வாயைத் திறக்கச் சொல்வது சுலபம், திறப்பவருக்குத்தான் கஷ்டம். 'பொறுப்பில்லாதவர்' என்று முத்திரை குத்தினால் அடுத்தவர் இன்னும் கவனமாக மறைப்பார்.

எனவே சொல்பவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். இன்று நான் சொன்னால், நாளை பக்கத்துப் பண்ணையில் வந்தால் எனக்கும் சொல்வார்கள் என்ற உறுதியாவது வேண்டும். சாசனத்தின் அடிப்படையே அந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

ஒழிக்கவே முடியாதா?

ஒரு பண்ணையிலிருந்து ஒழிக்க முடியும், ஆனால் உழைப்பும் பணமும் வேண்டும். மிக உறுதியான வழி, எல்லாப் பன்றிகளையும் விற்றுக் காலி செய்வது. பிறகு கழிவுக் குழி வரை சுத்தம் செய்து, எலிகளை ஒழித்து, கொட்டகையைக் கழுவி, கிருமிநாசினி அடித்து, நன்றாகக் காயவிட்டு, நோயில்லாத இடத்திலிருந்து புதுப் பன்றிகளைக் கொண்டு வருவது.

அந்த அளவுக்கு வசதி இல்லாதவர்கள் இடைப்பட்ட வழியை எடுக்கிறார்கள். வளரும் பன்றிகளை மட்டும் காலி செய்துவிட்டு, தாய்ப்பன்றிகளுக்குச் சரியான அளவில், சரியான நாட்களுக்கு மருந்து கொடுத்து, அதே சமயத்தில் சுத்தம் செய்யும் வேலையையும் முடிப்பது. மருந்து வேலை செய்யும் கிருமியாக இருந்தால்தான் இந்த வழி பலிக்கும். டியாமுலினுக்கு அடங்காத கிருமி வந்துவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். மிச்சம் இருப்பது முழுப் பண்ணையையும் காலி செய்யும் வழி மட்டும்.

வருடக்கணக்கில் தீவனத்தில் மருந்து கலந்து ஓட்டுவதற்கும், ஒரே முறை திட்டமிட்டுப் பயன்படுத்தி ஒழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டிலும் மருந்து ஒன்றுதான். முதல் வழி மருந்தின் பலத்தைத் தின்றுவிடுகிறது, இரண்டாவது அதைச் சரியாகச் செலவழிக்கிறது.

சரி, இந்தியாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90.6 லட்சம் பன்றிகள் இருந்தன. முந்தைய கணக்கெடுப்பை விட 12 சதவீதம் குறைவு. மாநிலங்களில் முதலிடம் அசாமுக்கு, சுமார் 21 லட்சம். வடகிழக்கு மாநிலங்களில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு, மூன்று பன்றி வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு வரும்போது விற்றுக் கொள்ளும் சேமிப்பு அது. பராமரிப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்பு சிறு தொழிலாக இருக்கிறது.

இந்தக் குடும்பங்களுக்கு மறைப்பதா, சொல்வதா என்ற கேள்வி புதிதல்ல. 2020-ல் அசாமிலும் அருணாச்சலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதியானது. அது வைரஸ் நோய், இதை விடப் பல மடங்கு கொடியது, மருந்து கிடையாது. சுற்றுவட்டப் பன்றிகளை அழிப்பதுதான் கட்டுப்படுத்தும் வழி. அப்படி அழிக்கப்படும் பன்றிகளுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து இழப்பீடு கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பணம் காலத்தில் கையில் வந்தால்தான், அடுத்த முறை ஒரு பன்றி சுருண்டு விழும்போது அந்தக் குடும்பம் கால்நடை மருத்துவமனைக்கு போன் போடும். வராவிட்டால், இருக்கும் பன்றியை இரவோடு இரவாக விற்கத்தான் பார்க்கும்.

மருந்து விஷயத்தில் இந்தியா எடுத்த முக்கியமான முடிவு ஒன்று உண்டு. 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்புக்கும் கொலிஸ்டின் மருந்தைத் தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு, ஐசியுவில் இருக்கும் நோயாளிக்கு மருத்துவர்கள் எடுக்கும் கடைசி ஆயுதங்களில் ஒன்று கொலிஸ்டின்.

அந்தத் தடைக்குப் பின்னாலும் ஒரு பன்றிக் கதை இருக்கிறது. சீனப் பண்ணைகளில் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். அங்கே ஒரு பன்றியிலிருந்து எடுத்த ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு இருப்பதாக 2015 நவம்பரில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. உலகம் அதிர்ந்தது. பல நாடுகளில் தேடிப் பார்த்தபோது மனிதர்களிடமும் அது இருந்தது.

2017-ல் சீனா தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அதன் பிறகு நடந்த ஆய்வில், பன்றிகளிடம் கொலிஸ்டினை எதிர்க்கும் ஈ.கோலியின் பங்கு 34 சதவீதத்திலிருந்து சுமார் 5 சதவீதமாகக் குறைந்திருந்தது. அதாவது, சில இடங்களில் கைநழுவிய மருந்தைத் திரும்பப் பெறவும் முடியும். எல்லாக் கிருமியிலும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று கைவிடவும் காரணம் இல்லை.

2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர், மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றால் நேரடியாக இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் பண்ணைகளின் பங்கு ஒரு பகுதிதான். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வாங்கும் அசித்ரோமைசினுக்கும், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மருத்துவரைக் கேட்காமல் நாமே நிறுத்தும் மாத்திரைக்கும் பங்கு உண்டு. சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதும் இதே கணக்கில்தான் வரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

கறி, முட்டை, பால் வாங்கும் இடத்தில், அது பேக்கேஜ் செய்த பிராண்டாக இருந்தால், பண்ணையில் ஆன்டிபயாட்டிக்கை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு ஒரு மெயில் போடலாம். 'ஆன்டிபயாட்டிக் இல்லாதது' என்று லேபிள் இருந்தால், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் சொல்கிறார்கள் என்றும் கேட்கலாம். நோயுற்ற விலங்குக்கு மருந்தே கொடுக்கக் கூடாது என்பதல்ல நோக்கம், அது கொடுமை. நோய் வருவதற்கு முன்பே மந்தைக்கே மருந்து ஊட்டுவது கூடாது என்பதுதான் விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் அந்தப் பழக்கத்துக்குச் சட்டப்படியே தடை போட்டிருக்கிறது.

ஊரில் கால்நடை வளர்க்கும் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் பேசலாம். புதிதாக வாங்கிய விலங்கைச் சில வாரம் தனியாக வையுங்கள், வியாபாரியின் வண்டியைக் கொட்டகை வரை விடாதீர்கள், எலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்து வீட்டில் விலங்குக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் அவர்களை ஒதுக்காதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். ஒதுக்கப்பட்டவர் அடுத்த முறை சொல்ல மாட்டார்.

யார்க்‌ஷயரின் அந்தத் திங்கட்கிழமைக்கு வருவோம். நீங்கள் இன்னும் கொட்டகையில்தான் நிற்கிறீர்கள். மருத்துவருக்கு போன் போட்டாயிற்று. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். மதியம் பன்றி ஏற்ற லாரி வர வேண்டும். அது இங்கிருந்து நேராகப் பக்கத்துப் பண்ணைக்குப் போகும். லாரிக்காரரின் நம்பர் உங்கள் போனில் இருக்கிறது. அவர் கிளம்புவதற்குள் அவரைக் கூப்பிட உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.